சனிக்கிழமை சறுக்கல்

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழனுக்கு ஜனவரியில் இரண்டே கவலை. குளிக்கலாமா, வேண்டாமா என்பது ஒன்று. சனி, ஞாயிறை எப்படித் தள்ளுவது என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு எங்கள் ரூமில் ஒரு வழி கண்டுபிடித்தோம். வெள்ளி ராத்திரி மணாலி பஸ். 500 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கிக்கொண்டே போய், அங்கிருந்து 13 கிலோமீட்டரில் சோலாங் பள்ளத்தாக்கு. வழியெல்லாம் வாடகைக் கோட்டுக் கடைகள். எனக்குக் கிடைத்த கோட்டுக்குள் இன்னொருத்தர் குடித்தனமே நடத்தலாம்.

காலில் இரண்டு நீளப் பலகை. முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் பிரேக். சொல்ல ஈஸி சார்! சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் போச்சு, பலகை நம்ம பேச்சைக் கேட்காது. முதல் நாள் மேகி விற்பவரின் அடுப்பருகே போய் நின்றேன். ‘நின்றேன்’ என்பது மரியாதைக்கு.

எல்லோரும் சிரித்தார்கள், ‘மதுரை’யைத் தவிர. ஊர்ப் பெயரே அவனுக்குப் பெயர். “கீழே பார்க்காதடா, என்னைப் பாரு. முன்னால சாயி!” என்று நாலு வாரம் தொண்டை வற்றக் கத்தினான். திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே ஆபீஸ் போவேன். “படியில வழுக்கிட்டேன் சார்.”

பிப்ரவரியில் அவனுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைசி ட்ரிப்பில், சரிவின் அடியில் நின்று கையாட்டினான். அவனையே பார்த்துக்கொண்டு விழாமல் வந்தேன். பிரேக்கைத்தான் மறந்துவிட்டேன். மோதி, இருவரும் உருண்டோம். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டுச் சொன்னான்: “சென்னையில ஃப்ரிட்ஜைத்தான்டா திறந்து பார்க்கணும்.”