'நான் செஞ்சேன்'னு சொல்லத் தெரியலை!

ஃபைனல் இயர் கேம்பஸ் இன்டர்வியூ. ரிட்டன் டெஸ்ட் க்ளியர். டெக்னிக்கல் ரவுண்டும் ஓகே. கடைசி ரூம் மட்டும்தான் பாக்கி. கடன் வாங்கின டை கழுத்தை நெரிக்க, உள்ளே போய் உட்கார்ந்தேன்.

''உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க'' என்றார் ஆங்கிலத்தில். அட, நம்ம ஏரியா! கிணத்துல தண்ணி வத்தினா மோட்டார் கருகாம தானா நிக்கும். அதான் ப்ராஜெக்ட். எங்க அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட மோட்டார் போடப் போறதைப் பார்த்து வந்த ஐடியா. நாலு பேர், ஆறு மாச உழைப்பு. ரெண்டு போர்டு புகைஞ்சு, மூணாவதுதான் ஓடிச்சு.

உற்சாகமா ஆரம்பிச்சேன். ''வி டிசைன் தி சர்க்யூட் சார். வி டெஸ்ட் இட் இன் எ ஃபார்ம். இட் வொர்க் சார்!''

அவர் ரொம்ப அக்கறையா கேட்டார்: ''வெரி குட்... எப்போ செய்யப் போறீங்க?''

'முடிச்சாச்சு சார்!' என்று மனசுக்குள் கத்தினேன். வாயில் வந்ததோ, ''ஐ யம் கம்ப்ளீட் சார்.'' 'நான் முழுமையானவன்' என்று அவர் காதில் விழுந்திருக்கும்! சிரிச்சுக்கிட்டே ''ஆல் தி பெஸ்ட்'' சொன்னார். அதுக்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா? சாயங்காலம் ஒட்டின லிஸ்ட்டில் என் பேர் இல்லை.

வேற காரணமும் இருந்திருக்கலாம். ஆனா, வேலை போனதைவிட அந்த 'எப்போ செய்யப் போறீங்க'தான் வலிச்சது. ஒரு 'ஈ.டி.' விட்டுப்போனதில், ஆறு மாசமும் நடக்கவே இல்லைங்கிற மாதிரி ஆயிடுச்சே!

இத்தனைக்கும் டென்ஸ் டேபிளின் பன்னிரண்டு கட்டமும் எனக்கு மனப்பாடம். தமிழ் மீடியத்தில் அதை எழுதித்தான் மார்க் வாங்கினேன். எழுதினேனே தவிர, ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

அன்னிக்கு ராத்திரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுப் படுத்திருந்தேன். ரூம்மேட் வந்தான். அஸ்ஸாம்காரன். மெஸ் அண்ணன்கிட்டேயே தமிழ் கத்துக்கறவன். ''மச்சான், சட்டை துவைச்சேன். கொடியில போடினேன்'' என்றான்.

அந்தச் சோகத்திலும் சிரிப்பு வந்துடுச்சு. ''போட்டேன்டா!''

''ஏன்? ஓடு - ஓடினேன். பாடு - பாடினேன். அப்போ போடு - போடினேன்தானே?''

பதில் தெரியலை. அவன் விடுவதாயில்லை. ''படி - படித்தேன். நட மட்டும் ஏன் நடந்தேன்? அப்புறம் ஓடினேன், ஓடினாய், ஓடினான், ஓடினாள், ஓடினார், ஓடியது... இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'வாக்ட்'. இவ்வளவு கஷ்டமானதைப் பேசற நீ, அதுக்கா பயப்படறே?''

பொட்டில் அறைஞ்ச மாதிரி இருந்தது. இவன் தப்பாப் பேசி, மெஸ்ஸில் எல்லாரும் சிரிச்சு, அண்ணன் திருத்தி, கூடவே ரெண்டாவது ஆம்லெட்டும் வாங்கிடறான். நான் தப்பாயிடுமோன்னு வாயே திறக்கலை.

அன்னிக்கே ஒப்பந்தம். அவனுக்குத் தமிழ், எனக்கு இங்கிலீஷ். ரெகுலர் வெர்ப்ஸில் இருந்து ஆரம்பிச்சோம். கடைசியில் 'ஈ.டி.' போடறது எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்றதில்தான் விஷயம். 'வொர்க்கெட்', 'ஆஸ்கெட்' எல்லாம் கிடையாது. சத்தம் மூணுதான். டெஸ்ட், கம்ப்ளீட், நீட் மாதிரி ட சத்தத்தில் முடிஞ்சா மட்டும் 'இட்' தனியா ஒலிக்கும்: டெஸ்டிட், நீடிட். மத்ததுக்குத் தொண்டையில் விரல் வையுங்க. கடைசி எழுத்தில் அதிர்ந்தா (டிசைன், ப்ளே, கால்) 'வண்டி'யில் வர்ற மெல்லிய 'ட'. அதிரலைன்னா (வொர்க், ஹெல்ப், ஃபினிஷ்) 'பட்ட'த்தில் வர்ற அழுத்தமான 'ட'. அவ்வளவுதான்!

அடுத்து என் ரெண்டு வியாதி. ஒண்ணு, எதுக்கெடுத்தாலும் 'ஐ யம்'. 'ஐ யம் கம்ப்ளீட்டட் மை ஸ்கூலிங்' தப்பு. 'முடித்தேன்'னா 'ஐ கம்ப்ளீட்டட்'. 'முடித்திருக்கிறேன்'னா 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்'. ரெகுலர் வெர்ப்பில் ரெண்டுக்கும் ஒரே உருவம். ரெண்டாவது, 'டிட் யூ ஃபினிஷ்ட்?'. 'டிட்' வந்தாலே இறந்தகாலம் வந்தாச்சு. 'டிட் யூ ஃபினிஷ்?' போதும்.

1958-ல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், 'பிங்' மாதிரி தானே உருவாக்கின சொற்களைக் குழந்தைகளிடம் சொல்லி, 'நேத்து என்ன பண்ணினான்?' என்று கேட்டார். நிறைய வாண்டுகள் 'பிங்ட்' என்றன. எந்த டேபிளும் படிக்காமலே! பேசிப் பேசி வாயில் ஏறின விதி அது. நம்ம ரூம்மேட்டின் 'போடினேன்' வந்ததும் அதே வழியில்தான்.

ரெண்டு மாசம் கழிச்சு ப்ராஜெக்ட் வைவா. வெளியில் இருந்து வந்த எக்ஸாமினர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கிட்டு ஆரம்பிச்சேன். ''வி டிசைன்ட் தி சர்க்யூட். வி டெஸ்டிட் இட் இன் மை ஃபாதர்ஸ் ஃபார்ம். டூ போர்ட்ஸ் ஃபெயில்ட். தி தேர்ட் ஒன் வொர்க்ட்.''

''இந்த போர்டு கடையில வாங்கினதா?''

''நோ சார். வி பில்டிட் இட்!''

சொன்ன அடுத்த நொடி நாக்கைக் கடிச்சேன். அது 'பில்ட்'. இர்ரெகுலர்! பக்கத்தில் ஒருத்தன் களுக்கென்று சிரிச்சான். எக்ஸாமினர் சிரிக்கலை. ''குட்... இப்பவும் உங்க தோட்டத்துல ஓடுதா?'' என்றுதான் கேட்டார்.

'எப்போ செய்யப் போறீங்க'ன்னு கேட்கலை பாருங்க. அது போதும்!

வெளியே காத்திருந்த ரூம்மேட்கிட்ட 'பில்டிட்' கதையைச் சொன்னேன். தோளில் கை போட்டு, ''கவலைப்படாதே மச்சான்'' என்றான். ''நானும் இன்னிக்கு ஒரு டீ குடிந்தேன்!''