அச்சு முறிந்த ஊர் வழியே
சென்னை முதல் திருச்சி வரை: ஒரு நெடுஞ்சாலையின் திருத்தல வரலாறு

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 325 கிலோமீட்டர் நீளமுடையது. நான்கு வழிப்பாதை வந்த பிறகு, காரில் செல்வோர் ஐந்தாறு மணி நேரத்தில் இந்தத் தூரத்தைக் கடந்துவிடுகின்றனர். காலையில் தாம்பரத்தில் புறப்பட்டவர் மதியத்திற்குள் காவிரிப் பாலத்தைக் கண்டுவிடலாம். காலமும் உடலுழைப்பும் மிச்சப்படுவது உண்மையே. ஆயினும், இந்தச் சாலையின் இருமருங்கிலும் ஆழ்வார்களாலும் நாயன்மார்களாலும் போற்றப்பட்ட திருத்தலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதை வேகம் மறக்கச் செய்துவிட்டது. ஸ்ரீரங்கத்தையும் சமயபுரத்தையும் நாடிச் செல்லும் அன்பர்களுள் பலர், நடுவில் உள்ள தலங்களின் பெயரைப் பச்சை நிறப் பலகையில் படிப்பதோடு சரி.

பெயரும் எண்ணும்

ஜி.எஸ்.டி. என்றால் இன்று அனைவருக்கும் வரிதான் நினைவுக்கு வரும். அந்த வரி வந்தது 2017-இல். அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே சென்னைவாசிகளுக்கு ஜி.எஸ்.டி. என்றால் கிண்டியிலிருந்து தெற்கே செல்லும் சாலை. 'கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு' என்று ஆங்கிலேயர் இட்ட பெயரின் சுருக்கம் அது.

விடுதலைக்குப் பின் இது 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆயிற்று. 2010-இல் நாடெங்கும் சாலை எண்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது, ஒரே சாலை மூன்று எண்களுக்குப் பிரிந்தது. சென்னை முதல் திண்டிவனம் வரை 32. திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை 132. விழுப்புரத்திற்குத் தெற்கே, வேலூரிலிருந்து தூத்துக்குடி செல்லும் 38. எனினும் ஓட்டுநர்களின் வாயில் 'நாற்பத்தைந்து' என்ற பழைய எண்ணே இன்னும் வழங்குகிறது.

சாலைக்குப் பெயரிட்டவர்கள் ஆங்கிலேயர் என்றாலும், வழி அவர்கள் கண்டதன்று. தமிழ்க் கல்வெட்டுகளில் 'பெருவழி' என்ற சொல் பயில்கிறது. தொண்டை நாட்டையும் நடுநாட்டையும் சோழ நாட்டையும் இணைக்கும் வழிகளில் வணிகரும் அடியாரும் படையினரும் நடந்தே சென்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சிக் கோட்டைக்காக நடந்த கர்நாடகப் போர்களின்போது இத்திசையில் படைகள் இடைவிடாது சென்றன. பெரம்பலூருக்கு வடக்கே சாலைக்கு அருகில் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டை அக்காலத்தின் சாட்சி. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகொண்டா போர் இதன் அருகில்தான் நடைபெற்றது.

நீர்மலையும் செம்மலையும்

பல்லாவரத்தை அடுத்துள்ள திருநீர்மலை, திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம். ஆழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை காத்திருந்து அவர் சேவித்ததாகவும் தலவரலாறு கூறும். எம்பெருமான் இங்கு நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் நான்கு திருக்கோலங்களில் காட்சி தருகிறார். மலைக்கோயிலுக்குப் படியேற இயலாத முதியோர், அடிவாரத்திலேயே நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்து மகிழலாம்.

வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் கடந்தால் சிங்கப்பெருமாள் கோயில். ஊருக்குப் பெயரே கோயிலால் வந்தது. குன்றைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்துக் குகைக் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மர் எழுந்தருளியுள்ளார். பாடலம் என்றால் சிவப்பு. அத்ரி என்றால் மலை. கருவறை மலையோடு ஒன்றியிருப்பதால், பெருமாளை வலம்வர வேண்டுமானால் குன்றையே வலம்வர வேண்டும். ஆரத்தியின்போது அர்ச்சகர் திருமண்காப்பைச் சற்று உயர்த்தி, நெற்றிக் கண்ணைக் காட்டுவது இத்தலத்தின் தனிச்சிறப்பு.

கலெக்டர் கண்ட காவல்

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியையும், அதன்பின் பாலாற்றுப் பாலத்தையும் கடந்து சாலை மதுராந்தகத்தை அடைகிறது. உத்தம சோழனின் 'மதுராந்தகன்' என்ற பெயரைத் தாங்கிய ஊர் இது. ராமானுஜருக்குப் பெரிய நம்பிகள் மகிழ மரத்தடியில் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்துவைத்த புண்ணிய பூமியும் இதுவே.

இங்குள்ள ராமபிரானுக்கு 'ஏரி காத்த ராமர்' என்ற திருநாமம் வந்த வரலாறு பலரும் அறிந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர் இப்பகுதியின் கலெக்டராக இருந்தார். மழைக்காலந்தோறும் ஏரிக்கரை உடைவதும், அதைச் செப்பனிடக் கும்பினியின் பணம் கரைவதும் வழக்கமாக இருந்தன. தாயார் சந்நிதி கட்டப் பொருளுதவி வேண்டுமென்று ஊரார் கேட்டபோது, ஏரியைக் காக்காத தெய்வத்திற்குச் சந்நிதி எதற்கு என்ற பொருளில் அவர் வினவியதாகச் சொல்வர். 1798-இல் பெருமழை பெய்து ஏரி நிரம்பித் தளும்பிய இரவில், கரையைப் பார்வையிடச் சென்ற அவர், வில்லேந்திய இருவர் ஒளிவடிவாகக் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்பது தலத்தில் வழங்கும் வரலாறு. அந்த ஆண்டு கரை உடையவில்லை. ஜனகவல்லித் தாயார் சந்நிதி எழுந்தது. அது அந்தக் கலெக்டரின் தர்மம் என்று கூறும் கல்வெட்டை இன்றும் காணலாம்.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஊரார் கலெக்டரிடம் வாதாடி வெல்லவில்லை, காத்திருந்தனர். அவரும் கண்டதை மறைக்கவில்லை; சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கும் பக்தி செய்யும் ஊருக்கும் இடையே ஓர் ஏரி சாட்சியாக நின்றது.

தேர் நின்ற இடம்

ஆதிபராசக்தி கோயிலால் புகழ்பெற்ற மேல்மருவத்தூரைக் கடந்தவுடன் வருவது அச்சிறுபாக்கம். திரிபுர சம்ஹாரத்திற்குத் தேவர்களையே உறுப்புகளாகக் கொண்ட தேரில் ஏறிப் புறப்பட்ட சிவபெருமான், முதலில் விநாயகரை வழிபட மறந்ததாகவும், அதனால் தேரின் அச்சு இங்கே இற்று முறிந்ததாகவும் புராணம் கூறும். அச்சு இறுத்த இடமே அச்சிறுபாக்கம். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற இத்தலத்தில் ஆட்சீஸ்வரர் அருள்பாலிக்கிறார். இரண்டு மூலவர் சந்நிதிகள் உள்ள கோயில் என்பது மற்றொரு சிறப்பு.

உலகையே தேராகக் கொண்டவனும் ஓரிடத்தில் நின்று, மூத்த கடவுளை நினைந்து, பிறகே வழி தொடர்ந்தான் என்பதே இதன் உட்பொருள். முன்பெல்லாம் இவ்வழியே சென்ற பேருந்துகளும் லாரிகளும் ஊருக்குள் புகுந்தே சென்றன. ஓட்டுநர்கள் பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்த பின்னரே வண்டியை எடுப்பர். இன்று அகன்ற சாலையில் வாகனங்கள் நிற்காமல் பறக்கின்றன. வாகனத்தின் அச்சு முறிவதும் சக்கரம் வெடிப்பதும் கட்டுக்கடங்காத வேகத்தில்தான் பெரும் விபத்தாகின்றன. அச்சிறுபாக்கத்தில் கால் மணி நேரம் நிற்பது வழிபாடும் ஆகும். ஓட்டுநருக்கு ஓய்வும் ஆகும்.

ஓலை காட்டிய முதியவர்

அடுத்து வருவது திண்டிவனம். 'திந்திரிணி வனம்' என்பதன் திரிபு அது; புளியங்காடு என்பது பொருள். பெயருக்கேற்ப இச்சாலை முழுவதும் ஒரு காலத்தில் புளிய மரங்கள் இருபுறமும் கூரை வேய்ந்திருந்தன. சாலை அகலமானபோது அவை பெரும்பாலும் வெட்டப்பட்டன. நடந்து செல்லும் அடியார்க்கு நிழல் போயிற்று.

விழுப்புரத்திற்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடைப்பட்ட நடுநாட்டுப் பகுதி சுந்தரமூர்த்தி நாயனாரின் பூமி. அவர் அவதரித்த திருநாவலூரும், இறைவன் அவரைத் தடுத்தாட்கொண்ட திருவெண்ணெய்நல்லூரும் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலைகளில் உள்ளன. மணக்கோலத்தில் இருந்த சுந்தரர்முன் முதியவராய் வந்த இறைவன், 'உன் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை என்னிடம் உள்ளது' என்று வழக்குரைத்தான். கொண்டுவந்த ஓலையைச் சுந்தரர் கிழித்தெறியவே, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் காட்டப்பட்டது. பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே சபையோர் தீர்ப்பளித்தனர். இறைவனே கொண்டுவந்த ஆவணமாயினும் சரிபார்க்காமல் ஏற்கவில்லை அந்தச் சபை! 'உம்முடைய வீடு எது?' என்று கேட்டபோது, முதியவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் சென்று மறைந்தார். தாம் ஏசிய சொல்லையே முதற்சொல்லாக வைத்துச் சுந்தரர் முதல் பதிகம் பாடியது அங்கேதான்.

பரிக்கல் லட்சுமி நரசிம்மர் கோயிலும் இப்பகுதியில் தரிசிக்க வேண்டியது. உளுந்தூர்பேட்டையை அடுத்த உளுந்தாண்டார்கோயிலில், மிளகை உளுந்து என்று பொய்யுரைத்த வணிகனின் மூட்டைகள் உளுந்தாகவே மாறின என்ற வரலாறு வழங்குகிறது.

அம்மனின் நாடு

வாலி வழிபட்டதாகக் கருதப்படும் வாலிகண்டபுரம், பெரம்பலூர், சிறுவாச்சூர் என்று சாலை தெற்கே செல்கிறது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய நாட்களிலும், சில விசேஷ நாட்களிலுமே திறந்திருக்கும். பிற நாட்களில் சென்று ஏமாறுவோர் உண்டு. பாடாலூரிலிருந்து சிறிது தூரத்தில் ஊட்டத்தூர் சுத்தரத்தினேஸ்வரர் கோயில் உள்ளது.

நிறைவாகச் சமயபுரம். கண்ணனூர் என்ற பெயரில் ஹொய்சாள மன்னன் சோமேஸ்வரன் தலைநகராகக் கொண்ட பகுதி இது. இங்கு மாரியம்மன், பக்தர்களின் நலனுக்காகத் தானே இருபத்தெட்டு நாட்கள் 'பச்சைப்பட்டினி விரதம்' இருக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதலுடன் தொடங்கும் இவ்விரத நாட்களில், அன்னைக்கு வழக்கமான தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் ஆகியவையே நைவேத்தியம். பக்தர் விரதமிருந்து தெய்வம் ஏற்பது எங்கும் உண்டு. தெய்வம் விரதமிருப்பது இங்கே.

நடந்து வருவோரின் பாடு

அந்த விரத நாட்களிலும் சித்திரைத் தேர்த் திருவிழாவின்போதும் மஞ்சளாடை அணிந்த பல்லாயிரம் பேர் சமயபுரத்திற்குப் பாதயாத்திரையாக வருகின்றனர். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடக்கின்றனர். பழைய சாலையில் மாட்டுவண்டியும் நடையாளரும் முதலிடம் பெற்றிருந்தனர். இன்றைய சாலையோ வேகத்திற்காகவே அமைக்கப்பட்டது. நடந்து சென்ற பக்தர்கள்மீது வாகனம் மோதி உயிரிழப்பு நேர்ந்த செய்திகள் அவ்வப்போது வந்து நெஞ்சைச் சுடுகின்றன. வேண்டுதலை நிறைவேற்றப் புறப்பட்டவர் வீடு திரும்பாமற்போவதைவிடப் பெருந்துயரம் ஏது?

யாத்திரைக் குழுக்களை நடத்தும் பெரியவர்கள் சில ஒழுங்குகளைக் கட்டாயமாக்க வேண்டும். இணைப்புச் சாலை உள்ள இடங்களில் அதிலேயே செல்ல வேண்டும். மற்ற இடங்களில் எதிரே வரும் வாகனங்கள் கண்ணுக்குத் தெரியுமாறு வலப்புற ஓரமாக, ஒருவர்பின் ஒருவராக நடக்க வேண்டும். முதலில் செல்பவரும் கடைசியில் வருபவரும் கைவிளக்கு ஏந்த வேண்டும்; ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை மேலாடையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிப்பதும், சாலையோரத்தில் படுத்துறங்குவதும் அறவே கூடாது. அன்னதானம் வழங்கும் அன்பர்கள், பந்தலைச் சாலையை ஒட்டிப் போடாமல் உள்ளே தள்ளிப் போட்டால், அன்னத்தோடு உயிரையும் காத்த புண்ணியம் சேரும்.

செல்வோர் கவனிக்க

சாலை விரிவாக்கத்தில் ஓரத்துச் சிறு கோயில்கள் பல இடம்பெயர்ந்தன. பாலாலயம் செய்து, கும்பத்தில் சக்தியை ஆவாகனம் செய்து, வேறிடத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்டவை இன்றும் வழிபாட்டில் உள்ளன. ஆனால் புறவழிச்சாலையால் ஒதுங்கிப்போன பழைய பெருங்கோயில்களின் நிலை வேறு. வழிப்போக்கர் வருகை குறைந்தால் தட்டில் காணிக்கை குறையும். அர்ச்சனைக்குப் பூக்கட்டுவோர் பிழைப்பும் குறையும். ஒருகால பூஜைக்கும் தட்டுப்பாடு வரும்.

காரில் செல்லும் குடும்பங்கள் மனம் வைத்தால் இக்குறை தீரும். பொதுவாக நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணிக்குமேல் திறக்கப்படுவதால், அதிகாலையில் புறப்படுவது நலம். சிங்கப்பெருமாள் கோயில், மதுராந்தகம், அச்சிறுபாக்கம் ஆகிய மூன்றையும் முற்பகலுக்குள் தரிசித்துவிடலாம். விழுப்புரத்தில் உணவும் ஓய்வும் முடித்து, மாலையில் திருவெண்ணெய்நல்லூரும் திருநாவலூரும் கண்டு, இரவு விழுப்புரத்தில் தங்கி, மறுநாள் தெற்கே செல்வது முதியோர்க்கு ஏற்ற முறை. ஒரே நாளில் செல்ல வேண்டியவர்கள், போகும்போது ஒரு தலம், திரும்பும்போது ஒரு தலம் என்று வைத்துக்கொண்டாலும் போதும். அந்தச் சந்நிதியில் ஏற்றும் ஒரு நெய்விளக்கு, அன்று அக்கோயிலில் எரியும் சில விளக்குகளுள் ஒன்றாக இருக்கக்கூடும்.