வலிக்காத கால்

வலி என்றாலே நமக்குப் பயம். ஆனால், வலியே இல்லாமல் போவது அதைவிடப் பயங்கரமானது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால் கால் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறையலாம். செருப்பில் சிக்கிய சிறு கல்கூடப் புண்ணாகி, அழுகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னிலை வகித்தனர். பெருமைப்படக்கூடிய முதலிடமா இது?

என் அப்பா லோரி ஓட்டுநர். 2021இல் அவருடைய இடக்கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் பொறியியல் இறுதியாண்டுத் திட்டத்திற்கு இதையே தேர்ந்தெடுத்தேன்.

வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த டாக்டர் பால் பிராண்ட், உணர்வற்ற காலைக் கெடுப்பது நோய் மட்டுமன்று, திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும்தான் என்று எடுத்துக்காட்டினார். அழுத்தம் விழும் இடம், புண் தெரியும் முன்பே சூடேறும். இரு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட வேண்டும். வேறுபாடு 2.2 பாகை செல்சியசைத் தாண்டி மறுநாளும் நீடித்தால், நடப்பதைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பாதத்திற்கு நான்கு தெர்மிஸ்டர், ஓர் ஈஎஸ்பி32 சில்லு, ஒரு பேட்டரி என்று அமைத்தேன். பொருள்களுக்கான செலவு 100 ரிங்கிட்டுக்குள் அடங்கியது. இத்தகைய கருவிகள் பலவும் சப்பாத்துக்குள் வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. நாமோ சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிடுகிறோம். ஆகவே, வீட்டுச் சிலிப்பரில் பொருத்தினேன். "எனக்கே தெரியாத சூடு இந்தச் சிலிப்பருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அப்பா. "தெரியும்பா" என்றேன்.

எனினும், இதற்குத் தெரிந்தது அந்த நான்கு இடங்கள் மட்டுமே. விரலிடுக்கில் வெடிப்பு வந்தால் தெரியாது. முள் குத்தினால் உடனே தெரியாது. ஒரு காலை முன்பே இழந்தவருக்கு ஒப்பிட மறுகாலும் இல்லை. இது மாணவர் செய்த மாதிரிதான். மருத்துவக் கருவி அன்று. கருவி எவ்வளவு மலிவானாலும், அதன் எச்சரிக்கையைப் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

தீபாவளியன்று பெற்றோரின் பாதம் தொட்டு வணங்குகிறோம். மற்ற நாள்களில் அந்தப் பாதங்களைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கும் காட்டக் கூச்சம். நமக்கும் கேட்கக் கூச்சம். நண்பர்களே, இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனால் அம்மா அப்பாவின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் ஒருமுறை பாருங்கள். அதற்கு ஒரு சென்னும் செலவில்லை.