நாற்பதடிப் பெட்டி ஏறாத மலை

சொந்த ஊருக்குப் போக இ-பாஸ் எடுத்தேன். மதுரையில் பிடித்த வாடகைக் கார் என்பதால் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாஸ் வாங்கினால்தான் மேலே விடுவார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இதுதான் நடைமுறை. உள்ளூர் வண்டிகளுக்கு வேண்டியதில்லை. "சார் உள்ளூரா?" என்று டிரைவர் கேட்டபோது வாயில் பதில் வரவில்லை. பிறந்தது கொடைக்கானல் மூஞ்சிக்கல். இருபத்தேழு வருடமாக இருப்பது நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச். "எடுத்துருவோம்பா" என்றேன்.

காட்ரோடு தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் காது அடைத்தது. அது ஒன்றுதான் மாறாமல் இருந்தது. பெருமாள்மலை கழிந்து சற்றுத் தூரத்தில், சரிவின் ஓரமாக, கரும்பச்சை பெயின்ட் அடித்த ஒரு கப்பல் பெட்டி நின்றது. முன்பக்கத் தகரத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு, உள்ளே மஞ்சள் விளக்கு, வெளியே நாலு ஸ்டூல். "நிறுத்துப்பா" என்றேன். டிரைவருக்கு டீ குடிக்கும் ஆசை. எனக்கு வேறு ஆசை.

எங்கள் அப்பா வைத்திருந்ததும் பெட்டிதான். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, நாலு கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்த பலகைப் பெட்டி. முன்பலகையைத் தூக்கி ஒரு கழி கொடுத்தால் கடை திறந்தாயிற்று. அதே பலகைதான் மழைக்கு மறைப்பு. அவித்த கடலை, பிளம்ஸ், பேரிக்காய், தைல பாட்டில், சரம் சரமாக மலைப்பூண்டு. கீழே இருந்து வருகிறவர்கள் சீசனில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஆஃப் சீசனில் பூண்டு மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி இல்லை. ஆக்கிரமிப்பு என்று தூக்கிப் போயிருந்தார்கள். யார் எடுத்தது, எந்த உத்தரவு என்பதெல்லாம் அப்பாவோடு போகட்டும். "கல்லு நாலையும் விட்டுட்டுப் போயிட்டாங்கடா" என்று அவர் சொன்னதுதான் ஞாபகம். அதற்கு அடுத்த வருடம் நான் ஊரை விட்டுப் போனேன்.

போன இடத்திலும் பெட்டிதான் சோறு போட்டது. 2011 பிப்ரவரி 22 மதியம் கிறைஸ்ட்சர்ச்சை நிலநடுக்கம் உலுக்கியது. 185 பேர் செத்தார்கள். நகரின் நடுப்பகுதியை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். கடைத்தெரு என்று ஒன்று இல்லாத ஊரில் எட்டு மாதம் இருந்து பார்த்தால்தான் தெரியும். அக்டோபர் 29 அன்று கேஷல் தெருவில் கப்பல் பெட்டிகளை அடுக்கி, வெட்டி, சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்து, 'ரீ-ஸ்டார்ட்' என்ற பெயரில் கடைகளைத் திறந்தார்கள். துணிக்கடை, புத்தகக்கடை, காபிக்கடை எல்லாம் பெட்டிக்குள். தச்சு வேலைக்குப் போன நான் அந்த நாட்களில் ஒரு பட்டறையில் பெட்டி வெட்டும் வேலைக்கு மாறினேன்.

வெட்டியவனுக்குத்தான் அதன் குணம் தெரியும். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியது முதல் அதன் வேலை ஒன்றுதான்: அடுக்கிவைத்தால் நசுங்காமல் நிற்பது. பாரம் முழுவதும் நாலு மூலைத் தூண்களில் இறங்குகிறது. நடுவில் இருக்கும் மடிப்புத் தகரம் தூண்கள் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. அழகுக்காகப் பக்கவாட்டை முழுசாக வெட்டினால் கூரை தொய்யும். இரும்புச் சட்டம் வைத்து ஈடு கட்ட வேண்டும். அந்தச் சட்டத்துக்கும் வெல்டிங்குக்கும் ஆகும் செலவைக் கூட்டினால், பழைய பெட்டி மலிவு என்கிற பேச்சு பாதி கரைந்துவிடும். பத்திரிகைப் படங்களில் இது வருவதில்லை.

பச்சைப் பெட்டிக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும், வில்பட்டிக்காரர். முதலில் "சொல்லுங்க சார்" என்றவர், மூஞ்சிக்கல் என்றதும் "அட, சொல்லவே இல்லையேண்ணே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனேன். பெயின்ட்டுக்கு அடியில் பழைய எண் தடித்துத் தெரிந்தது: நாலு எழுத்து, அப்புறம் ஏழு இலக்கம். கதவில் அறைந்திருந்த தகட்டை மட்டும் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தார்கள். அதிகபட்ச எடை 30,480 கிலோ. அதன் கீழே மரத்துக்கு என்ன மருந்து அடித்தது என்ற வரி. ஆஸ்திரேலியா கேட்பதால் வைக்கிற வரி அது; பூச்சி ஏறாமல் இருக்கத் தரைப் பலகைக்கு விஷம் ஏற்றுவார்கள்.

"தம்பி, கீழ பலகையை மாத்துனீங்களா?"

"இல்லண்ணே. அது மேலயே ஷீட் போட்டு ஓட்டிட்டோம். ஏன்?"

சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது. மாவு மூட்டை அந்த ஷீட் மேலேயே இருந்தது.

எப்படிப்பா மேலே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். தூத்துக்குடியிலிருந்து இருபதடிப் பெட்டி, லாரியில் வந்ததாம். காலியாக இரண்டேகால் டன்தான். வளைவுகளில் மூன்று இடத்தில் முன்னும் பின்னும் அடித்துத் திருப்பி, விடிகாலையில் கிரேன் வைத்து இறக்கியிருக்கிறார்கள். நாற்பதடி வாங்கத்தான் ஆசை. ஆனால் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டி மலை ஏறக் கூடாது என்று 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. நாற்பதடிப் பெட்டி மட்டுமே 12.19 மீட்டர், இழுத்து வருகிற வண்டியைக் கணக்கில் சேர்க்காமலே பத்தொன்பது சென்டிமீட்டர் கூடுதல். உலகம் முழுக்கச் சுற்றுகிற பெட்டியைக் கொடைக்கானல் மலைச்சாலை அரை முழத்துக்கும் குறைவில் நிறுத்திவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. கெட்டில் ஆவியும் எங்கள் மூச்சும் குளிர்ந்த தகரத்தில் பட்டு, கூரையில் முத்து முத்தாகக் கோத்து, என் டம்ளருக்கு அருகில் சொட்டியது. கப்பலில் சரக்கு நனைவதும் இப்படித்தான். தம்பி பேச்சை நிறுத்தாமலே, கழியில் சுற்றிய துணியால் கூரையை ஓர் இழுப்பு இழுத்தார். பழகிய கை. "ஜனவரியில ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவைண்ணே. உள்ள தெர்மாகோல் ஒட்டுங்கன்னாங்க. சீசன் முடியட்டும்னு இருக்கேன்." எங்கள் ஊர்த் தகரக்கூரை பங்களாக்களில் கூரைக்குக் கீழே மரத்தில் மச்சு அடித்திருப்பது அழகுக்கு மட்டுமல்ல என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். இதே சரிவில் ஒரு விடுதி கட்டியிருந்தால் முதலில் பொக்லைன் வந்து மண்ணை வெட்டித் தளம் போட்டிருக்கும். அடுத்த ஐப்பசி மழைக்கு வெட்டிய இடம் சரிந்திருக்கும். பெட்டிக்கு நாலு மூலையில் நாலு கல் போதும். அனுமதியில்லாத கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவால் சீல் வைத்துப் பார்த்த ஊர் இது. அதனால்தான் பெட்டி மேல் இத்தனை பிரியமோ என்றும் தோன்றியது. கட்டடம் என்றால்தானே கேள்வி. "இது டெம்பரவரிண்ணே. போகச் சொன்னா கிரேன் வச்சு ஒரே தூக்கு" என்றார் தம்பி.

கேஷல் தெருவில் உண்மையிலேயே தூக்கினார்கள். நிரந்தரக் கட்டடங்கள் எழ எழ, பெட்டிகளை முதலில் இடம் மாற்றினார்கள். 2018 ஜனவரியில் கடைத்தெருவையே மூடிவிட்டார்கள். நான் ஜன்னல் வைத்த பெட்டி ஒன்று போகும்போது நின்று பார்த்தேன். மூலைத் துளை நாலிலும் சங்கிலி மாட்டி, அரை நிமிடம்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரு சுற்று பின்னால் போய் வந்தேன். பின்பக்கம் செங்கல்லில் ஒரு சமையலறை, சிமென்ட் பூச்சு இன்னும் வெளுக்கவில்லை. அதை ஒட்டிக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, கீழே இறங்கக் கல் படி. பெட்டியின் பின் மூலைகள் இரண்டும் கணுக்கால் உயரத்துக்குக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தன. கொக்கி மாட்டுகிற துளையில் சிமென்ட் நிரம்பி, மேலே பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"இதை எதுக்குத் தம்பி பூசினீங்க?"

"மழைக்குச் சறுக்கிரும்னு கொத்தனார் சொன்னார்ண்ணே."

தலையாட்டினேன். வண்டியில் ஏறும்போது கண்ணாடி வழியாக ஒரு காகிதப் பொட்டலம் நீட்டினார். அவித்த கடலை, சூடாக. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.