மாவுலிக்கு இங்கிலீஷில் என்ன?

ஜூன் மாதக் கடைசியில், புனேயில் பயிற்சி ஆசிரியையாக ஏழாம் வகுப்புக்கு என் முதல் இங்கிலீஷ் பாடத்தை எடுத்தேன். பருவங்களைப் பற்றிய பாடம். ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர் என்று போர்டில் நாலு கட்டம் போட்டேன். ஆட்டம் வந்தால் இலை உதிரும், விண்டர் வந்தால் பனி கொட்டும் என்று பிள்ளைகள் தப்பில்லாமல் ஒப்பித்தார்கள். ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த மூத்த ஆசிரியை, மணி அடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் பிள்ளைகளோட ஊர்ல எத்தனை பருவம்?"

மூன்று. மராத்தியில் உன்ஹாளா, பாவ்ஸாளா, ஹிவாளா. வெயில், மழை, குளிர். காரும் கூதிரும் என ஆறு பெரும்பொழுதைப் படித்து வளர்ந்தவள் நான். நிலத்தைப் பார்த்துத்தான் பொழுதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்!

அவர் கற்றுத்தந்த முறை எளிது. முதல் பத்து நிமிடம் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. இந்த வாரம் என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், யாரிடம் பேசினாய் என்று கேட்க வேண்டும். பதிலில் வினைச்சொல் இருக்க வேண்டும், பியூட்டிஃபுல் வேண்டாம்.

அது பண்டரிபுரத்துக்கு நடந்துபோகும் வாரி யாத்திரை புனேக்கு வந்த வாரம். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹூவிலிருந்து துக்காராம் பல்லக்கும் ஊரில் தங்கிப் புறப்பட்டிருந்தன. தலையில் துளசி மாடம் சுமந்து வந்த ஒரு பாட்டி தங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்ததை ஒரு சிறுமி சொன்னாள். பாட்டி அடுத்து என்ன செய்தார் என்பதற்கு அவளிடம் இங்கிலீஷ் சொல் இல்லை. குனிந்து தன் பாதத்தைத் தேய்த்துக் காட்டினாள். "ரப்" என்றேன். உடனே எழுதிக்கொண்டாள். தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு வந்த சொல் அது.

பிறகு ஒரு பையன் எழுந்தான். வாரியில் நடக்கும் வார்கரிகள் ஒருவரையொருவர் "மாவுலி" என்று அழைப்பார்கள். தாய் என்று பொருள். "மீசை வச்ச தாத்தாவை மதர்னு எழுதினா சரியா இருக்குமா, டீச்சர்?" வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மாலை போட்டவர்கள் வயது பாராமல் ஒருவரையொருவர் "சாமி" என்று அழைக்கும் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கடைசியில் அவர்களே முடிவு செய்தார்கள்: மாவுலி அப்படியே இருக்கட்டும், அடுத்த வாக்கியம் அதை விளக்கட்டும். மொழிபெயர்ப்பின் ஆதாரமான சிக்கலைப் பன்னிரண்டு வயதில் தொட்டுவிட்டார்கள். மறுநாள், வீட்டில் பாடும் துக்காராமின் அபங்கப் பாடல் ஒன்றை அவர்களே இங்கிலீஷில் எழுதிப் பார்த்தார்கள். அதற்குப் பின்பே, புனேயில் வாழ்ந்த கவிஞர் திலீப் சித்ரே துக்காராமை மொழிபெயர்த்த "சேஸ் துக்கா"வைப் பிரித்தோம்.

ஆண்டு முழுவதும் அப்படியே போனது. மார்கழியை ஒட்டி வரும் சம்பா சஷ்டித் திருவிழாவின்போது ஜெஜூரிக் கோயிலில் மஞ்சள்பொடி பறக்கும். அந்த மஞ்சளைப் பற்றிப் பேசிவிட்டு, அருண் கொலாட்கரின் "ஜெஜூரி"யிலிருந்து சில கவிதைகளைப் படித்தோம். 1976இல் வந்து, அடுத்த ஆண்டே காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்ற நூல் அது.

ஜனவரி 3 சாவித்திரிபாய் பூலே பிறந்த நாள். 1848இல் இதே புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர். 1854இல் வெளிவந்த தம் கவிதை நூலில் இங்கிலீஷ் படிக்கச் சொல்லி எழுதியவர். பள்ளிக்குப் போகும் வழியில் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுபோவார் என்பார்கள். அவருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதச் சொன்னேன்.

துளசிப் பாட்டியைப் பார்த்த சிறுமியின் நோட்டைத் திருத்தும்போது என் பேனா நின்றது. கைகளில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டு நீங்கள் பாடம் எடுக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று எழுதியிருந்தாள். ஜூனில் வாங்கிய "ரப்" அந்த வரியில் இருந்தது.