மேக்பெத்: படிக்கவா, பேசவா?

ஷேக்ஸ்பியர் என்றாலே கொட்டாவி விடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்து மாணவர்களும் இதில் விதிவிலக்கு இல்லை :-) அங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியப் பரீட்சையில் அவருடைய நாடகம் ஒன்று கட்டாயம். நிறைய பள்ளிகளில் அது 'மேக்பெத்'. அவருடைய சோக நாடகங்களிலேயே நீளம் குறைந்தது அதுதான்.

2017-இல் தொடங்கிய புதிய முறைத் தேர்வில் புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. விளைவு? மனப்பாடம். கதைச்சுருக்கம், கதாபாத்திரக் குறிப்பு, மேற்கோள் அட்டை, பக்கத்திலேயே இன்றைய ஆங்கிலத்தில் விளக்கம்... இதெல்லாம் கையில் இருந்தால் நாடகத்தைத் திறக்காமலே மார்க் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஆனால் ஷேக்ஸ்பியர் எழுதியது நடிகர்கள் பேசுவதற்கு. இதை வகுப்பறைக்குள் வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் ரெக்ஸ் கிப்சன். 1986-இல் கேம்பிரிட்ஜில் 'ஷேக்ஸ்பியரும் பள்ளிகளும்' என்ற திட்டத்தைத் தொடங்கியவர். அவர் பொறுப்பில் வந்த கேம்பிரிட்ஜ் பள்ளிப் பதிப்புகளில் வலப்பக்கம் நாடகம், இடப்பக்கம் செய்து பார்க்க வேண்டிய பயிற்சிகள். அமெரிக்காவில் வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகமும் (1932) இதே வழிதான். நாடகங்களின் முழு மூலத்தையும் இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் வருகிறான். கணவனும் மனைவியும் ஒரு சொல், இரண்டு சொல்லாக மாறி மாறிப் பேசுகிறார்கள். இரண்டு பேர் அதை வேகமாக, கிசுகிசுப்பாகப் படித்தால் போதும், அந்தப் பயம் வகுப்புக்கே புரிந்துவிடும். 'இருவரும் பதற்றமாக இருந்தனர்' என்று நோட்ஸில் பத்து தடவை படித்தாலும் அது வராது. அதுவரை செய்யுளில் பேசி வந்த லேடி மேக்பெத், தூக்கத்தில் நடக்கும் காட்சியில் உரைநடைக்கு மாறுகிறாள். மனம் உடைந்தது பேச்சின் ஓசையிலேயே தெரிகிறது. கதைச்சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது இந்த ஓசைதான்.

முப்பது பிள்ளைகள், குறைந்த நேரம், தலைக்கு மேல் பரீட்சை. ஆசிரியர்களின் கஷ்டமும் நியாயமே. விளக்கவுரையே கூடாது என்பதில்லை. ஏணியாக இருந்தால் நல்லது, அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளையை அப்பா அம்மா நாடக அரங்குக்கே கூட்டிப் போய்விடுவார்கள். மற்ற பிள்ளைக்கு வகுப்பறைதான் அரங்கம். 'இவனுக்கு இது புரியாது' என்று சொல்லி அவன் கையில் சுருக்கத்தை மட்டும் கொடுத்தால், நாடகம் அவனுக்குக் கிடைக்காமலே போய்விடும். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். மூலத்திலிருந்து இரண்டு பக்கம், எழுந்து நின்று படிக்க இரண்டு பேர், பத்து நிமிடம். முதலில் பேசட்டும், நோட்ஸ் அப்புறம் வரட்டுமே!