பால்மரம் நரைத்த படம்



வீட்டில் தொலைக்காட்சி ரிமோட் இருக்கிறதா? அதை எடுத்து, கைத்தொலைபேசியில் நம் முகத்தைப் படமெடுக்கும் கேமராவுக்கு முன்னால் நீட்டி, ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் திரையில் ரிமோட்டின் நுனி மினுக் மினுக்கென்று மின்னும். அதுதான் அகச்சிவப்பு ஒளி. அந்த ஒளியை மட்டும் கொண்டு மரத்தையும் மலையையும் வானத்தையும் படம் பிடிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னபோது நான் சிரித்தேன். பிறகு அந்தப் பைத்தியம் எனக்கே பிடித்து, அதனால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இப்போது நாங்கள் டவுனில் இருக்கிறோம். தொழிற்சாலையில் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இந்த ஒளியை முதலில் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தால் வானவில்லாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்தபோதும் சூடு ஏறியது! 1910இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வுட் இதைக் கொண்டு எடுத்த இயற்கைக் காட்சிகளை வெளியிட்டார். இலையெல்லாம் வெள்ளை, வானம் கறுப்பு.

இலை ஏன் வெள்ளையாகிறது? நம் ஊர் ஐஸ் கச்சாங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டி கண்ணாடிபோல் இருக்கிறது; அதையே சீவிக் குவித்தால் பஞ்சுபோல் வெளுத்துவிடுகிறது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே புகுந்த காற்று, ஒளியை அங்குமிங்கும் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதுதான் காரணம். இலைக்குள்ளும் அப்படித்தான். இலையின் பச்சையம் தன் சமையலுக்குச் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொள்கிறது. அகச்சிவப்பு அதற்கு வேண்டாத விருந்தாளி. உயிரணுக்களுக்கு இடையே உள்ள காற்றறைகளில் பட்டு, ஏறக்குறைய பாதி ஒளி வெளியே திரும்பி வந்துவிடுகிறது. இலை காய்ந்தாலோ நோய்ப்பட்டாலோ அந்த வெண்மை மங்கும். 1972இல் விண்ணில் ஏவப்பட்ட லேண்ட்சாட் முதலான செயற்கைக்கோள்கள் பயிர் நிலையைக் கணிப்பது இதை வைத்துத்தான். செம்பனையை அடியோடு சாய்க்கும் கானோடெர்மா நோயையும் இவ்வழியில் முன்கூட்டிக் கண்டறிய ஆய்வுகள் நடக்கின்றன. இது உடம்புச் சூட்டைக் காட்டும் கேமரா இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, அது வேறு கருவி, வேறு வகை அகச்சிவப்பு. இதில் பதிவாவது வெயிலில் இருந்து வந்து பொருளில் பட்டுத் திரும்பும் ஒளி.

டிஜிட்டல் கேமராவுக்குள் இருக்கும் ஒளியுணர் தகடு இந்த ஒளியை நன்றாகவே பார்க்கும். ஆனால் நிறங்கள் கெட்டுவிடும் என்று, தயாரிப்பவர்களே அதன் முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியைப் பொருத்திவிடுகிறார்கள். அதனால் நமக்கு இரண்டு வழி. ஒன்று, 720 நானோமீட்டர் என்று குறித்திருக்கும் கருஞ்சிவப்பு பில்டரை லென்ஸின் முன்னால் மாட்டிக்கொள்வது. பார்த்தால் கறுப்புக் கண்ணாடிபோல் இருக்கும். எனவே குவியத்தை முதலிலேயே சரிசெய்துவிட்டு மாட்ட வேண்டும். முக்காலியில் நிறுத்திப் பல விநாடிகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் காற்றடித்தால் இலையெல்லாம் கஞ்சிபோல் கலங்கிவிடும். இன்னொரு வழி, அந்தத் தடுப்புக் கண்ணாடியையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 720 பில்டரைப் பொருத்துவது. பிறகு முக்காலி தேவையில்லை. ஆனால் ஒன்று: அந்தக் கேமரா அதன்பின் சாதாரண வண்ணப் படம் எடுக்காது.

பொறுமையில்லாத நான் இரண்டாம் வழிக்குப் போனேன். பழைய கேமரா ஒன்றை வாங்கி, நானே சமையலறை மேசையில் திருகாணிகளைக் கழற்றினேன். பேட்டரியை எடுத்துவிட்டோமே, இனி என்ன என்ற நினைப்பு. பிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் பகுதியில் விரல் பட்டது. 300 வோல்ட் வரை அதில் தங்கியிருக்குமாம்! கை விறைத்து நாற்காலியோடு சாய்ந்தேன். தயவு செய்து நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள். கடைசியில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துத்தான் காரியம் முடிந்தது.

2018இல் பழைய தோட்டத்திலிருந்து செய்தி வந்தது. மிச்சமிருந்த கடைசி ரப்பர்க் காட்டையும் வெட்டப் போகிறார்கள். அம்மா வெட்டிய நிரை அதில்தான் இருந்தது. "ஒரு படம் எடுத்துக்கிட்டு வாய்யா. முட்டிவலி, என்னால வர முடியாது" என்றார் அம்மா.

மற்ற படக்காரர்கள் காலையும் மாலையும் தேடுவார்கள். எங்களுக்கு உச்சிவெயில்தான் வேண்டும். முந்தின இரவு மழை பெய்து வானம் நீலமாகக் கழுவிவிட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் காட்டுக்குள் நின்றேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அம்மா பால் நிறுத்துவிட்டு, ஒட்டுப்பால் வாடையோடு வீடு திரும்பிக்கொண்டிருப்பார். கொசு பிடுங்கியது. நாற்பது, ஐம்பது படம் எடுத்தேன். திரையில் பார்க்கப் பார்க்க எனக்கே மெய்சிலிர்த்தது. கறுத்த வானத்தின் கீழ், வெண்பட்டு உடுத்தி வரிசையாய் நின்றன பால்மரங்கள். இரண்டு வாரத்தில் காடு தரையாயிற்று.

நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்த ஊருப்பா? பனி கொட்டுற சீமை மாதிரி இருக்கு."

"நம்ம தோட்டம்தாம்மா. உங்க நிரை."

"என் நிரையா? எல்லா மரமும் நரைச்சுப் போயில்ல நிக்குது! பச்சையில ஒண்ணும் எடுக்கலையா?"

ஹெர்ஷல், ஐஸ் கச்சாங் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் அதையே கேட்டார். எடுக்கவில்லை. கைத்தொலைபேசி பையில்தான் இருந்தது. ஒரே ஒரு படம், ஒரு விநாடி வேலை. தோன்றவில்லை. காடு போய்விட்டது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்கு நாள் கழித்து வேலை முடிந்து வந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இலை வெளுத்தாலும் நிழலில் நின்ற தண்டுகள் கருமையாகவே விழுந்திருந்தன. வெட்டுப்பட்ட பட்டையின் தழும்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கமிருந்து விரலால் எண்ணிக்கொண்டே போனார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... இந்தா, இதுதான். கூன் விழுந்த மரம். மங்கு நிறைஞ்சு வழியும். இவன் வயித்துல இருந்தப்பக்கூட இதுல சாஞ்சு நின்னிருக்கேன்."

என்னைக் கண்டதும் படத்தைக் கீழே வைத்தார்.

"லயத்துக் கோயிலும் ரொம்ப நாளைக்கு இருக்காதாம். போய் எடுத்துட்டு வா. முதல்ல பச்சையில எடு. அப்புறம் உன் இஷ்டத்துக்கு நரைக்க வை."

அடுத்த ஞாயிறே இரண்டு கேமராவோடும் போய்விட்டு வந்தேன்.